எண்ணெய் போய்விட்டதா? வாத்தின் ஈரலைக் கேட்ட கதை

எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருத்தர், என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "தம்பி, எண்ணெய் பூடுச்சின்றாங்களே, நெஜமாவே பூடுச்சா?"

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து கறுப்பாக இறங்கி வந்ததே, அந்த எண்ணெயைச் சொல்கிறார். பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து, கொசஸ்தலை ஆற்றில் கலந்து, கழிமுகம் முழுக்கப் பரவி, வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கோடு போட்டுவிட்டுப் போனது. கூழைக்கடாக்கள் சிறகெல்லாம் ஒட்டிப்போய் நின்ற படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்னால் 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியதும், கரையில் ஒதுங்கிய தாரை ஜனங்கள் பிளாஸ்டிக் வாளியில் அள்ளியதும் இங்கே யாருக்கும் மறக்கவில்லை. இரண்டு தடவையும் சில வாரங்களில் தண்ணீர் பார்வைக்குத் தெளிந்துவிட்டது. அண்ணனுடைய கேள்வி அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

கண்ணால் பார்த்துச் சொல்லிவிடக் கூடிய பதில் இல்லை அது. ஆனால் இதே கேள்வியைக் கால் நூற்றாண்டு விடாமல் கேட்டு, கடைசியில் பதிலும் வாங்கிய ஓர் இடம் உண்டு. அலாஸ்கா. பதில் சொன்னது ஒரு வாத்து. இன்னும் சரியாகச் சொன்னால், அதன் ஈரல்.

முதலில் இந்த வாத்துகள் யார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பக்கம் இவை வருவதில்லை. பழவேற்காட்டுக்குக் குளிர்காலத்தில் வருகிற ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை, நெற்றியில் நாமம் போட்டமாதிரி இருக்கிற நாமத்தலை வாத்து எல்லாம் மேலோட்டத் தண்ணீர்க்காரர்கள். தலையைக் கவிழ்த்து, பின்பக்கத்தைத் தூக்கி, எட்டுகிற ஆழத்தில் மேய்வார்கள். கடல்வாத்துகள் வேறு குடும்பக் கிளை. உலகத்தில் ஏறக்குறைய 20 இனங்கள்: ஈடர்கள், ஸ்கோட்டர்கள் (ஸ்கூட்டர் இல்லை), நீள்வால் வாத்து, ஹார்லிகுயின், மீன் பிடிக்கும் மெர்கன்சர்கள் என்று. கோடையில் சில மாதம் வடதுருவத்தை ஒட்டிய குட்டைகளிலும் காட்டாறுகளிலும் முட்டையிட்டுவிட்டு, வருஷத்தின் மீதி நாளெல்லாம் பெரும்பாலானவை உறைகுளிர்க் கடலில் மிதந்துகொண்டும் முங்கிக்கொண்டும் இருக்கும். உப்புத் தண்ணீரைக் குடித்தே வாழ்கின்றன. உடம்பில் ஏறும் உப்பை, கண்ணுக்கு மேலே இருக்கிற ஒரு சுரப்பி பிரித்தெடுத்து மூக்கு வழியாகச் சொட்டவிடும்.

சாப்பாடு மட்டி, சிப்பி, நத்தை, நண்டு. மட்டியை உடைத்தெல்லாம் தின்பதில்லை, ஓட்டோடு முழுசாக விழுங்கிவிடும். கறிக்கடையில் கோழி வாங்கினால் ஈரலோடு சேர்த்துப் போடுவார்களே, உள்ளே மஞ்சள் தோல் வைத்த கெட்டிச் சதை, அந்த அரைக்கும் இரைப்பை இந்த வாத்துகளுக்கு ஓட்டை நொறுக்குகிற அளவுக்குப் பலமானது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள். கடலுக்கு அடியில் சேற்றிலும் கல்லிடுக்கிலும் என்ன இருக்கிறதோ அதெல்லாம் மட்டிக்குள் போகிறது, மட்டி வாத்துக்குள் போகிறது. மேலே தண்ணீர் எவ்வளவு பளிங்காக இருந்தாலும் இந்தக் கணக்கில் மாற்றமில்லை.

இன்னொரு விஷயம், இவை அவசரமில்லாத பறவைகள். இரண்டு மூன்று வயசுக்கு அப்புறம்தான் முட்டையிட ஆரம்பிக்கும், சில இனங்களில் அதற்கும் மேல். நிறைய வருஷம் குஞ்சு ஒன்றுகூடத் தேறாது. பத்துப் பதினைந்து வருஷம் உயிரோடு இருந்து, அதில் நல்லதாக நாலு வருஷம் அமைந்தால் போதும் என்கிற கணக்கில் ஓடுகிற பிழைப்பு. அதனால் குஞ்சு சாவதைவிட, வளர்ந்த பெட்டை சாவதுதான் கூட்டத்தைச் சாய்க்கும். கடல்வாத்து ஆராய்ச்சியில் 'பெட்டை எத்தனை குளிர்காலம் தாங்குகிறது' என்ற கேள்வியே திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

சரி, அலாஸ்காவுக்கு வருவோம். 1989 மார்ச் 24, எக்ஸான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற விரிகுடாவில் பாறையில் ஏறியது. கொட்டியது சுமார் 1.1 கோடி கேலன், அதாவது 4 கோடி லிட்டருக்கு மேல். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் கூடுதலான கரையில் எண்ணெய் ஒட்டியது. செத்த கடல் பறவைகள் மட்டும் ஏறத்தாழ இரண்டரை லட்சம் என்று மதிப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்களை வேலைக்கு வைத்துப் பாறைகளைச் சுடுதண்ணீரில் பீய்ச்சிக் கழுவினார்கள். 1992ல் சுத்தப்படுத்தும் வேலை முடிந்தது என்று அறிவித்தும் விட்டார்கள். நம் ஊர் மாதிரியே, கரை பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அங்கே குளிர்காலம் கழிக்கிறது ஹார்லிகுயின் வாத்து. அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடை, நம் ஊர் புறாவைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை. சேவலுக்குச் சிலேட்டு நீல உடம்பில் வெள்ளைப் பட்டைகளும் செங்காவி விலாவும், யாரோ சாக்பீஸில் கோடு போட்டு விளையாடியமாதிரி. அலை உடைகிற பாறைக் கரைதான் இதற்கு வீடு. அருங்காட்சியகங்களில் இருக்கும் இதன் எலும்புக்கூடுகளைப் பார்த்தால் முறிந்து தானாகக் கூடிய எலும்புகள் நிறையத் தென்படும், அந்த அளவுக்கு அலையிடம் அடிவாங்கிப் பிழைக்கிறது. கரையை ஒட்டி, ஏற்றவற்றம் வந்துபோகிற அந்த ஒரு சில மீட்டர் பட்டையில்தான் முங்கி, கல்லைத் துழாவி, நத்தையும் குட்டி இறால் மாதிரிப் பூச்சிகளும் பொறுக்கும். ஒரு வருஷம் எந்தக் கரையில் இருந்ததோ அடுத்த வருஷமும் பெரும்பாலும் அதே கரைதான். இடம் சரியில்லை என்றால் வேறு பேட்டைக்குப் போகலாமே என்று கேட்கத் தோன்றும். போகாது. எண்ணூர்க்காரர்களிடமும் இதே கேள்வியைக் கேட்கிற அறிவாளிகள் உண்டு, அது கிடக்கட்டும்.

இந்தப் பறவைக்குள் இன்னும் எண்ணெய் போகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சதையை வெட்டி எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்பதுதான் முதலில் தோன்றுகிற யோசனை. அது வேலைக்கு ஆகாது. மட்டிக்கும் முதுகெலும்புள்ள பிராணிக்கும் இங்கேதான் பெரிய வித்தியாசம். கச்சா எண்ணெயில் இருக்கிற நச்சு வளைய வேதிப்பொருள்களை உடைக்கும் சாமர்த்தியம் மட்டிக்கு மிகக் குறைவு, அதனால் அவை அதன் சதையிலேயே தங்கிச் சேரும். அமெரிக்காவில் 1986 முதல் கரையோரச் சிப்பிகளை வருஷா வருஷம் எடுத்துச் சோதித்துக் கடலின் நிலைமையைக் குறித்துவைப்பது இந்தக் குணத்தை நம்பித்தான். வாத்துக்கோ, மீனுக்கோ, நமக்கோ ஈரல் இருக்கிறது. அந்த நஞ்சு உள்ளே வந்தவுடன் ஈரல் அதை உடைத்து வெளியே தள்ள ஆரம்பித்துவிடும். அதனால் சதையில் தேடினால் ஒன்றும் கிடைக்காது, 'சுத்தமான வாத்து' என்று சான்றிதழ் கொடுத்துவிடுவோம்.

ஆனால் ஈரல் அந்த வேலையைச் சும்மா செய்வதில்லை. சைட்டோகுரோம் பி450 1ஏ என்று ஒரு நொதி உண்டு. எண்ணெய் நஞ்சு உள்ளே வரும்போது ஈரல் அந்த நொதியைக் கூடுதலாக உற்பத்தி செய்யும்; வரத்து நின்றால் உற்பத்தியும் சில நாள், சில வாரத்தில் தணிந்துவிடும். வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறாரா என்று உள்ளே எட்டிப் பார்க்காமல், அடுப்பில் எத்தனை பேருக்கு உலை வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வதுமாதிரி. குற்றவாளி ஓடிப்போயிருப்பான், ஆனால் அவனுக்காக வைத்த உலை இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். போன மாதக் கதையைச் சொல்லாது, இப்போது நடப்பதைச் சொல்லும். அதுதான் இந்த அளவுகோலின் பலம்.

செய்முறை சொல்ல எளிது, செய்வது நரகம். மார்ச் மாதக் குளிரில், ஹார்லிகுயின் கூட்டம் பறக்கும் பாதையில் தண்ணீருக்கு மேலே மெல்லிய வலையை மிதவை வைத்துக் கட்டி, பக்கத்தில் பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டுப் பிடிப்பார்கள். படகில் மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் சின்னதாகக் கீறி, ஈரலில் ஒரு கிராமுக்கும் குறைவான துணுக்கை எடுத்து உடனே திரவ நைட்ரஜனில் போடுவார்கள். கொஞ்சம் தாமதித்தாலும் நொதி கெட்டுவிடும். தையல் போட்டு, தெளிந்ததும் பிடித்த இடத்திலேயே விடுவார்கள். எண்ணெய் பட்ட நைட் தீவுப் பக்கம் இத்தனை பறவை, எண்ணெய் படாத மான்டேக் தீவுப் பக்கம் இத்தனை பறவை. இந்த இரண்டாவது வரிசை இல்லாவிட்டால் முதல் வரிசைக்கு அர்த்தமே கிடையாது. 'நொதி அதிகம்' என்றால் எதைவிட அதிகம்?

டேனியல் எஸ்லர் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் வருஷக்கணக்காக இதைச் செய்தார்கள். 1990களின் பிற்பாதியில் எடுத்த ஈரல்களில் எண்ணெய்க் கரைப் பறவைகளுக்கு நொதி தெளிவாகக் கூடுதல். பிறகு 2005ல், கூடுதல். அதற்கப்புறம் எடுத்த வருஷங்களிலும் அப்படித்தான். 2011ல் வித்தியாசம் குறைந்திருந்தது, ஆனால் இருந்தது. கப்பல் பாறையில் ஏறி 22 வருஷம் ஆகிறது, கவனியுங்கள். 2013லும் 2014லும் எடுத்தபோதுதான் இரண்டு கரைப் பறவைகளுக்கும் வேறுபாடு இல்லை. 'எண்ணெய் போய்விட்டதா' என்ற கேள்விக்கு 'போய்விட்டது' என்று பறவை சொல்ல 24 வருஷம் பிடித்தது.

இடையில் அந்த எண்ணெய் எங்கே ஒளிந்திருந்தது? 2001ல் ஓர் ஆய்வுக்குழு 91 இடங்களில் ஏறக்குறைய 9,000 குழிகளைக் கையால் தோண்டிப் பார்த்தது. பாதிக்கு மேற்பட்ட இடங்களில் எண்ணெய் இருந்தது. மேலே பெரிய கற்கள் கவசம் மாதிரிக் கிடக்க, அடியில் காற்றும் வெளிச்சமும் அலையும் எட்டாத சரளையில், கொட்டிய நாள்போலவே பிசுபிசுவென்று. எண்ணெயைச் சிதைக்கிற நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் வேண்டும், அது அங்கே இல்லை. ஹார்லிகுயின் துழாவுவது அந்தப் பட்டையில்தான்.

நொதி கூடினால் கூடிவிட்டுப் போகிறது, வாத்துக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காக 1995 முதல் 1998 வரை பெட்டைகளின் வயிற்றுக்குள் சின்ன ரேடியோக்களை வைத்து, எது குளிர்காலத்தைத் தாண்டுகிறது, எது சாகிறது என்று விமானத்தில் சுற்றிச் சுற்றிக் கணக்கெடுத்தார்கள். எண்ணெய் படாத கரையில் 100க்கு 84 தப்பின. எண்ணெய்க் கரையில் 78. வெறும் ஆறுதானே என்று தோன்றும். புதுக் குஞ்சு சேராமல் இதே கணக்கை ஐந்து குளிர்காலம் ஓட்டிப் பாருங்கள், 100 பெட்டையில் எண்ணெய் படாத கரையில் 42 மிஞ்சும், எண்ணெய்க் கரையில் 29. மெதுவாகக் குஞ்சு பொரிக்கிற பறவைக்கு இந்த ஓட்டையை லேசில் அடைக்க முடியாது.

சாவு ஏன் குளிர்காலத்தில் என்பதற்கும் காரணம் இருக்கிறது. அந்த அட்சரேகையில் டிசம்பர் பிற்பாதியில் பகல் ஆறு மணி நேரத்தைத் தொடாது. கண்ணால் பார்த்து இரை தேடும் பறவை. சின்ன உடம்பு, உறைகுளிர்த் தண்ணீர். கிடைத்த வெளிச்சத்தின் பெரும்பகுதியை முங்கித் தின்பதிலேயே கழித்தால்தான் அன்றைய சூட்டுக்குக் கட்டுபடியாகும். தினக்கூலி வீடு மாதிரி, கையிருப்பே கிடையாது. ஆரோக்கியமான நாளில் பொருட்படுத்தத் தேவையில்லாத ஒரு சின்ன உபாதை, புயலடிக்கிற ஜனவரியில் கொன்றுவிடும். ஆய்வகத்துத் தொட்டியில் வேளாவேளைக்குத் தீனி போட்டு வளர்க்கிற வாத்துக்குக் கொஞ்சம் எண்ணெய் கொடுத்துப் பார்த்து 'ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

இதெல்லாம் எதிர்ப்பில்லாமல் நடந்துவிடவில்லை. எண்ணெய் நிறுவனத்தின் பணத்தில் ஆராய்ந்த விஞ்ஞானிகள், கரைகள் எப்போதோ தேறிவிட்டன, மிச்ச ஆபத்து பொருட்படுத்தத் தக்கதல்ல என்று பல வருஷம் எழுதினார்கள். அவர்கள் எழுப்பிய சில கேள்விகள் நல்ல கேள்விகள்கூட: இரண்டு தீவுகளின் கரையும் பிறவியிலேயே வேறு வேறாக இருக்கலாமே? நொதியைத் தூண்டியது வேறு எண்ணெயாக இருக்கலாமே? இதற்கு ஒரே நாளில் பதில் சொல்ல முடியாது. தொடர்ந்து அளந்து, ஒரு கரையில் மட்டும் நொதி படிப்படியாக இறங்கி மற்றதோடு சேர்வதைக் காட்டினால்தான் வாய் அடையும். தீவின் அமைப்பு காரணமென்றால் அந்த வித்தியாசம் 2013ல் மறைந்திருக்காது. நீளமாக அளந்ததுதான் வாதத்தை முடித்தது, அந்தப் பொறுமைக்கு யாரோ வருஷா வருஷம் காசு கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கண்ணாடி ஈடர் கதை இதன் தங்கை. சேவலின் கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம், கறுப்பு விளிம்பு, அசல் மூக்குக்கண்ணாடி. அலாஸ்காவின் யூகான்–கஸ்கோக்விம் டெல்டாவில் 1970களில் இருந்ததில் 1992க்குள் 96 சதவீதம் காணாமல் போயிற்று. 1993ல் அழிவபாயப் பட்டியலில் சேர்த்தார்கள். கோடையில் முட்டையிடும் இடம் தெரியும், ஆனால் குளிர்காலத்தில் எங்கே போகிறது என்பது நூறு வருஷத்துக்கும் மேலாக யாருக்கும் தெரியாத ரகசியம். வயிற்றுக்குள் வைத்த செயற்கைக்கோள் கருவி ஒன்றின் சமிக்ஞை 1995ல் பேரிங் கடலின் நடுவிலிருந்து வந்தது. அந்தத் திசையில் விமானத்தில் போனவர்கள் பார்த்தது, வெள்ளைவெளேரென்ற கடல் பனிக்கு நடுவே கிணறு மாதிரித் திறந்திருந்த தண்ணீரில், தோளோடு தோள் நெருங்கி நின்ற வாத்துகள். உலகத்தில் உள்ள கண்ணாடி ஈடர் அத்தனையும், மூன்று லட்சத்துக்கும் மேல், புனித லாரன்ஸ் தீவுக்குத் தெற்கே அந்த ஒரே வட்டாரத்தில். அங்கே 40 முதல் 70 மீட்டர் ஆழம் முங்கி மட்டி பொறுக்குகின்றன. ஒன்றின்மேல் ஒன்றாக இருபது மாடி அடுக்கினால் அறுபது மீட்டர் வரும், அந்த ஆழத்துக்கு, இருட்டுக் குளிரில், ஒரே மூச்சில்.

இந்தக் கருவி வைக்கும் அறுவை பறவைக்குச் சும்மா இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் அறுவை முடிந்த முதல் இரண்டு வாரத்தில் செத்தால் அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது வழக்கம். கடலா கொன்றது, கத்தியா கொன்றது என்று பிரிக்க முடியாது.

டெல்டாவில் கண்ணாடி ஈடர்கள் ஏன் இப்படிக் குறைந்தன என்று தேடியதில் வந்த விடைகளில் ஒன்று ஈயம். வேட்டைக்காரர்களின் தோட்டாவிலிருந்து சிதறிய ஈய ரவைகள் குட்டையின் அடியில் கிடக்கும். அரைக்கும் இரைப்பைக்குப் பொடிக்கல் தேவை, வாத்து ரவையைக் கல் என்று நினைத்து விழுங்கும். மட்டி ஓட்டையே நொறுக்குகிற இரைப்பை ஈயத்தை எவ்வளவு அழகாக அரைத்து ரத்தத்தில் கலக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குஞ்சு பொரிப்பதற்கு முன்பே ஈயம் ஏறிய பெட்டைகளில் வருஷத்துக்கு 44 சதவீதமே தப்பின, ஏறாதவற்றில் 78. அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை 1991ல் நாடு முழுக்கத் தடை செய்தார்கள். ஆனால் தடை போட்டதும் குட்டை சுத்தமாகிவிடாது. ரவை சேற்றில் புதைந்து போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பால் பிளின்ட் என்பவரின் குழு வேண்டுமென்றே ரவைகளை இறைத்துவிட்டு வருஷங்கள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, பத்து வருஷத்துக்கு அப்புறமும் அவற்றில் பல வாத்தின் அலகு எட்டுகிற ஆழத்திலேயே இருந்தன. கீழே நிலம் உறைந்து கிடக்கிறது, எங்கே இறங்கும்?

இங்கே ஓர் எச்சரிக்கை. விஷம் இருக்கிறது என்பதும் விஷத்தால் கெடுதி என்பதும் ஒன்றல்ல. கடல்வாத்துகளின் சிறுநீரகத்தில் காட்மியமும் ஈரலில் செலினியமும் நன்னீர் வாத்தோடு ஒப்பிட்டால் மிரள வைக்கும் அளவுக்கு இருக்கும். தொழிற்சாலையே இல்லாத ஆர்க்டிக்கிலும் அப்படித்தான். கடல் மட்டியையே தின்று வாழும் பறவைக்கு அது ஓரளவு இயல்பு. ஏரி வாத்துக்கு எழுதிவைத்த எல்லைக்கோட்டைக் கடல்வாத்துக்குப் போட்டு 'ஐயோ' என்று தலைப்புச் செய்தி எழுதுவது தப்பு. அதே நேரத்தில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஸ்கோட்டர்களை அதிகம் தின்ன வேண்டாம் என்று வேட்டைக்காரர்களுக்கு அறிவுரை இருக்கிறது. அங்கே 1986ல் கப்பல் தண்ணீரோடு வந்து குடியேறிய ஓர் ஆசிய மட்டி செலினியத்தைத் தாராளமாகச் சேர்த்துவைக்கும், ஸ்கோட்டர் அதைத் தாராளமாகத் தின்னும்.

நோய்களைப் பற்றி நீட்ட மாட்டேன். ஈடர் பெட்டை ஏறக்குறைய 26 நாள் பெரும்பாலும் பட்டினியாக அடைகாத்து, உடம்பு எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும். அந்த நேரத்தில் நெருக்கமான கூட்டத்துக்குள் பறவைக் காலரா புகுந்தால் கூட்டோடு படுத்துவிடும். கனடாவின் ஆர்க்டிக்கில் 2005 முதல் ஒரு தீவில் அதுதான் நடந்தது. அமெரிக்காவின் கேப் காட் கரையில் 1998 முதல் இலையுதிர்காலத்தில் ஈடர்கள் குவியலாக ஒதுங்கியதற்குக் காரணம் அதுவரை அறிவியலுக்குத் தெரியாத ஒரு வைரஸ் என்று 2014ல் வெளியிட்டார்கள். 2022ல் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் முகத்துவாரத்தில் பறவைக் காய்ச்சல்.

அப்புறம் வலை. காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும்படி தண்ணீரில் சுவர் மாதிரி நிறுத்துகிற மெல்லிய நைலான் வலை, முங்குகிற வாத்தின் கண்ணுக்கும் தெரியாது. உலகம் முழுக்க வருஷத்துக்குக் குறைந்தது நாலு லட்சம் கடல் பறவைகள் செவுள் வலைகளில் சாகின்றன என்று 2013ல் ஒரு கணிப்பு வந்தது. பால்டிக் கடலில் 1992–93ல் 43 லட்சமாக இருந்த நீள்வால் வாத்து 2007–09ல் 15 லட்சமாகக் குறைந்ததற்கு வலையும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வலை போடுகிறவன் வாத்தைக் கொல்லவேண்டுமென்று போடுவதில்லை, அவனுக்கும் அது அறுந்த வலையும் வீணான நேரமும்தான்.

எண்ணூருக்குத் திரும்புகிறேன். ஹார்லிகுயின் இங்கே இல்லை. ஆனால் அது பார்த்த வேலையைப் பார்க்கக்கூடிய உடம்புகள் இங்கே நிறைய. மடவை மீன் சேற்றின் மேல்படலத்தை உறிஞ்சித் தின்னும், அதற்கும் அதே நொதி உண்டு. உலகத்தின் பல துறைமுகங்களில் மடவையின் ஈரலை வைத்தே எண்ணெயை அளக்கிறார்கள், பறவையைப் பிடித்து அறுக்க வேண்டிய சிரமம்கூட இல்லை. மட்டிக்கு உடைக்கும் சாமர்த்தியம் இல்லை, எனவே அது சேர்த்துவைத்ததை நேராகவே அளக்கலாம். ஒப்பிட எண்ணெய் படாத கழிமுகம் வேண்டும். வடக்கே பழவேற்காட்டின் உட்பகுதியை வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. முக்கியமாக ஒரு வருஷம் எடுத்துவிட்டுக் கோப்பை மூடக் கூடாது. அலாஸ்காவில் 2011ல் நிறுத்தியிருந்தால் 'இன்னும் இருக்கிறது' என்பதே கடைசி வரியாகியிருக்கும். 1992ல் நிறுத்தியிருந்தால் 'எல்லாம் சரியாகிவிட்டது'.

இங்கே கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் குந்தி, பனை ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே நகர்வார்கள். ஹார்லிகுயின் கல்லிடுக்கைத் துழாவுவதைப் படித்தபோது எனக்கு முதலில் இவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். போன மாதம் அப்படித் தடவிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். மேல் சேறு நன்றாகத்தான் இருக்கிறது, முழங்கை வரை விட்டால் தான் வாடை வருகிறது என்றார். சொல்லிக்கொண்டே கையை ஆழமாக விட்டு ஒரு பிடி சேற்றை எடுத்துக் கரையோரத் தண்ணீரில் அலசினார். மேலே வானவில் நிறத்தில் மெல்லிய படலம் விரிந்தது.

அப்படிப் படலம் தெரிந்தாலே எண்ணெய் என்று சொல்லிவிட முடியாது. சேற்றில் இருக்கிற இரும்பைத் தின்னும் பாக்டீரியாவும் இதே மாதிரிப் படலம் போடும். அதைக் குச்சியால் கிளறினால் கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து உடைந்தே நிற்கும். எண்ணெயாக இருந்தால் விலகிவிட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும். அக்காவுக்கு இதைச் சொன்னேன். அவர் ஒரு ஈர்க்குச்சியை ஒடித்துத் தண்ணீரில் கோடு இழுத்தார்.

படலம் இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். மெதுவாக வந்து சேர்ந்துகொண்டது.

"படகு டீசலாக்கூட இருக்கும்" என்றேன்.

"அதான் எதுன்னு யாரு பாத்து சொல்லுவாங்க?" என்று கேட்டுவிட்டு, பறியை வாயில் கவ்விக்கொண்டு திரும்ப உள்ளே இறங்கினார்.